சிங்கப்பூரில் நாலு வயதுக்கும் ஏழு வயதுக்கும் வீட்டிலேயே தமிழ்ப் பாட்டு, கவிதை: எங்கே தொடங்குவது?

பொங்கோல் அம்மா | சனி, இரவு 10.12

வணக்கம். மகன் தொடக்கநிலை ஒன்று, மகள் பாலர் பள்ளி. வீட்டில் பாதி தமிழ், பாதி ஆங்கிலம். உண்மையைச் சொன்னால் பாதிக்கும் மேல் ஆங்கிலம்தான். தமிழ்க் கதைப் புத்தகம் வாசிப்பது எப்படியோ ஓடிக்கொண்டிருக்கிறது. கவிதை மட்டும் வீட்டுக்குள் வரவே இல்லை. மகனுக்குக் கவிதை என்றால் மேடை. கையை இப்படி வை, இந்தச் சொல்லில் கண்ணை அகலமாக்கு, முடிந்ததும் வணக்கம் வை. போட்டி முடிந்த மறுநாள் ஒரு வரிகூட நினைவில் இருப்பதில்லை. கேட்டால் "அது ஸ்கூலுக்கும்மா" என்கிறான்.

துணைப்பாட வகுப்பு யோசனை வேண்டாம். தூங்கும் முன் பத்து நிமிடம், எம்ஆர்டி ரயிலில் கொஞ்ச நேரம், அவ்வளவுதான் கையில் இருக்கிறது. எந்தப் பாட்டில் தொடங்கலாம்? பொருள் சொல்லிவிட்டுப் பாடுவதா, பாடிவிட்டுப் பொருள் சொல்வதா? எனக்குப் பாடுகிற குரலும் கிடையாது என்பதையும் கணக்கில் எடுத்துக்கொண்டு சொல்லுங்கள்.

செங்காங் அப்பா | சனி, இரவு 10.31

ஆத்திசூடி. யோசிக்கவே வேண்டாம். வரிக்கு இரண்டு மூன்று சொல், அதுவும் அ, ஆ, இ, ஈ வரிசையில். எழுத்தும் சேர்ந்தே வந்துவிடும்.

நாங்கள் 14ஆம் மாடி. லிஃப்ட் கதவு மூடியதும் நான் "அறஞ்செய விரும்பு" என்பேன், மகள் "ஆறுவது சினம்" என்பாள். நடுவில் எங்கும் நிற்காவிட்டால் கீழ்த்தளத்துக்குள் "ஔவியம் பேசேல்" வந்துவிடும். தயாரிப்பு, புத்தகம், குரல் எதுவும் தேவையில்லை.

ஈசூன் தாத்தா | ஞாயிறு, காலை 6.05

செங்காங் தம்பி சொல்வது ஏழு வயதுக்குப் பொருந்தும். நாலு வயதுக்கு அதற்கு முன்னால் ஒரு படி இருக்கிறது. மடி.

"சாய்ந்தாடம்மா சாய்ந்தாடு" என்று மடியில் வைத்து ஆட்டுகிறோம். "கை வீசம்மா கை வீசு" என்று கையைப் பிடித்து வீசுகிறோம். இது பாட்டிமார் பொழுதுபோக்குக்குச் செய்தது மட்டுமில்லை. பிள்ளைத்தமிழ் பாடிய புலவர்களும் இதே வழியில்தான் போனார்கள். குழந்தைப் பருவத்தைப் பத்தாகப் பிரித்தார்கள். செங்கீரையில் பிள்ளை கையூன்றித் தலை நிமிர்த்தி ஆடும். தாலில் தாலாட்டு. சப்பாணியில் கை கொட்டும். வருகையில் தளர்நடை போட்டு வரும். அம்புலியில் நிலாவை விளையாடக் கூப்பிடுவார்கள். இந்தப் பருவங்களில் பாட்டு பிள்ளையின் கை, கால், தலை செய்கிற வேலையோடு கட்டியது.

ஆகவே மகளை உட்கார வைத்துச் சொல்லிக் கொடுக்காதீர்கள். ஆட்டுங்கள், கை கொட்டுங்கள், தூக்கி இறக்குங்கள். சொல் தானாக ஒட்டிக்கொள்ளும். குரலைப் பற்றிக் கவலையே வேண்டாம். என் அம்மா தாலாட்டுப் பாடினால் பக்கத்து வீட்டுக்காரர் ஜன்னலைச் சாத்துவார். நாங்கள் அத்தனை பேரும் அதில்தான் தூங்கினோம்.

பழைய டீச்சர் | ஞாயிறு, காலை 9.48

தாத்தா சொன்னதை வழிமொழிகிறேன். ஆத்திசூடியில் தொடங்குவதில் மட்டும் எனக்கு உடன்பாடில்லை. 109 வரியில் பெரும்பாலும் கட்டளை. காலை எழுந்ததிலிருந்து "பல் தேய், பால் குடி, ஓடாதே" என்று கேட்டுக்கொண்டே இருக்கும் பிள்ளைக்குப் பாட்டிலும் அதேதானா? பிறகு படிக்கட்டும், நல்ல நூல்தான்.

நான் முதலில் கொடுப்பது பாரதியின் மழைப் பாட்டு. "திக்குகள் எட்டும் சிதறி, தக்கத் தீம்தரிகிட தீம்தரிகிட தீம்தரிகிட தீம்தரிகிட" என்று தொடங்கும். கொஞ்சம் தள்ளி "சட்டச்சட சட்டச்சட டட்டா" என்று வானம் தாளம் கொட்டும். நம் ஊரில் மழைக்கு என்ன பஞ்சம்? டிசம்பரில் நாள் முழுக்கப் பெய்யும், மற்ற மாதங்களில் பிற்பகலில் இடியோடு வரும். ஜன்னலுக்குப் பக்கத்தில் நின்று, இடி இடிக்கும்போது மேசையைத் தட்டிக்கொண்டே கத்திச் சொல்லலாம். "திக்குகள்" என்றால் என்ன என்று அந்த நேரத்தில் எந்தப் பிள்ளையும் கேட்காது.

இன்னொன்று, இதைச் சொல்லாமல் விட மனமில்லை. ஆங்கிலத்துக் குழந்தைப் பாட்டில் ஒலி ஒன்றுவது பெரும்பாலும் வரியின் கடைசியில். தமிழ்ப் பாட்டில் அந்த வேலை வரியின் தொடக்கத்தில் நடக்கிறது. முதல் எழுத்து ஒன்றினால் மோனை, இரண்டாம் எழுத்து ஒன்றினால் எதுகை. பாப்பா பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள்:

ஓடி விளையாடு பாப்பா - நீ
ஓய்ந்திருக்க லாகாது பாப்பா
கூடி விளையாடு பாப்பா - ஒரு
குழந்தையை வையாதே பாப்பா

ஓடிக்கும் ஓய்ந்துக்கும் மோனை. கூடிக்கும் குழந்தைக்கும் மோனை. ஓடிக்கும் கூடிக்கும் எதுகை. ஆனால் நம் பிள்ளைகள் மேடையில் என்ன செய்கிறார்கள்? தொடக்கத்தை விழுங்கிவிட்டு "பாப்பாஆஆ" என்று கடைசியை இழுக்கிறார்கள். வரி தொடங்கும் இடத்தில் தொடையில் ஒரு தட்டு தட்டச் சொல்லுங்கள். அதே பாட்டு வேறு மாதிரி நிற்கும். மோனை, எதுகை என்ற பெயரெல்லாம் இந்த வயதில் சொல்லவே வேண்டாம்.

செங்காங் அப்பா | ஞாயிறு, காலை 10.02

டீச்சர், கட்டளை கூடாது என்றீர்கள். "ஓய்ந்திருக்கலாகாது", "வையாதே" எல்லாம் என்னவாம்? :)

பழைய டீச்சர் | ஞாயிறு, காலை 10.20

கட்டளைதான், யார் இல்லை என்றார்கள்? ஆனால் அந்தப் பாட்டில் குருவி வருகிறது, கோழி வருகிறது, காக்காய், பசு, நாய், குதிரை எல்லாம் வருகின்றன. பிள்ளைக்குப் பிடித்துக்கொள்ள ஏதோ ஒன்று கிடைக்கிறது. ஆத்திசூடியில் ஒரு பூனைக்குட்டியைக் காட்டுங்கள் பார்ப்போம்.

செங்காங் அப்பா | ஞாயிறு, காலை 10.26

பூனை இல்லை, பாம்பு இருக்கிறது. "அரவம் ஆட்டேல்." கால்வாயில் மலைப்பாம்பு பார்த்த நாளிலிருந்து என் மகளுக்கு அதுதான் உயிர். படுக்கப் போகும்போது "இலவம் பஞ்சில் துயில்." தலையணையைத் தட்டிக்கொண்டே சொல்வாள். எங்கள் வீட்டுத் தலையணை பஞ்சே இல்லை என்பது வேறு விஷயம். வரிசைப்படி 109ஐயும் ஏன் தர வேண்டும்? பிள்ளைக்குப் பிடித்த ஏழெட்டை மட்டும் பொறுக்கிக் கொடுங்கள்.

பழைய டீச்சர் | ஞாயிறு, காலை 10.41

பொறுக்கிக் கொடுப்பதென்றால் சரி. அந்த இரண்டையும் நானே கொடுப்பேன்.

கிளமெண்டிக்காரன் | ஞாயிறு, மாலை 4.15

முதலில் பொருளா, பாட்டா என்று கேட்டிருந்தீர்கள். என் மனைவி சீனர். மகன் மூன்று வயதிலேயே லி பாயின் நிலாக் கவிதையைச் சொல்வான். நாலு வரி, வரிக்கு ஐந்து எழுத்து, மொத்தம் இருபது எழுத்து. தாங் காலத்துக் கவிதை, ஆயிரத்து இருநூறு ஆண்டுக்கும் மேல் பழையது. படுக்கைக்கு முன்னால் நிலா வெளிச்சம், தரையில் உறைபனியோ என்று ஒரு மயக்கம், தலை நிமிர்ந்து நிலாவைப் பார்ப்பது, தலை குனிந்து ஊரை நினைப்பது. அவ்வளவுதான் கவிதை. பொங்கோலிலிருந்து கிளமெண்டிக்கு வருவதையே ஊர்ப் பயணமாக நினைக்கும் பிள்ளைக்கு ஊர் ஏக்கம் எங்கே புரியப்போகிறது? உறைபனியை ஃப்ரிட்ஜில்தான் பார்த்திருக்கிறான்.

மாமியாருக்கு அதைப் பற்றிக் கொஞ்சமும் கவலை இல்லை. நிமிரும் வரியில் நிமிர்கிறார், குனியும் வரியில் குனிகிறார், பேரனும் கூடவே செய்கிறான். தாத்தா சொன்ன சப்பாணி மாதிரியேதான். அர்த்தம் இருபது வயதில் வரட்டும் என்கிறார். தமிழ்ப் பெற்றோர்தான் ஒவ்வொரு சொல்லுக்கும் ஆங்கிலத்தில் விளக்கம் சொல்லி, பாட்டு முடிவதற்குள் பிள்ளையைத் தூங்க வைத்துவிடுகிறோம்.

இப்போது அவர் முடித்ததும் நான் "நிலா நிலா ஓடி வா" தொடங்குகிறேன். விளக்குத் திருவிழாவின்போது புளோக்குக்குக் கீழே கையில் விளக்கோடு இரண்டும் மாறி மாறி நடக்கும்.

தெம்பனிஸ் அப்பா | ஞாயிறு, இரவு 8.50

கேட்கிறேன் என்று கோபிக்க வேண்டாம். தொடக்கநிலை ஆறில் வாய்மொழித் தேர்வில் கவிதையா சொல்லச் சொல்கிறார்கள்? ஒரு பத்தியை வாய்விட்டு வாசிக்க வேண்டும், காணொளியைப் பார்த்துப் பேச வேண்டும். இருப்பதே பத்து நிமிடம். அதைப் பேச்சுக்கும் உரைநடைக்கும் கொடுப்பதுதானே புத்திசாலித்தனம்?

பழைய டீச்சர் | ஞாயிறு, இரவு 9.33

கோபமில்லை, பெற்றோர் சந்திப்பில் தவறாமல் வரும் கேள்விதான். வாய்விட்டு வாசிக்கும்போது பிள்ளைகள் எங்கே தடுக்கி விழுகிறார்கள்? ல, ள, ழ. ர, ற. ன, ண. அப்புறம், எந்தச் சொல்லோடு எதைச் சேர்த்து வாசிப்பது, எங்கே மூச்சு விடுவது என்பது. இதைப் பத்தியை வைத்துப் பழக்கினால் ஆளுக்கொரு பக்கம் ஓடும். "ஓடுற நரியில ஒரு நரி கிழநரி, கிழநரி முதுகில ஒரு பிடி நரைமயிர்" என்று சொல்லச் சொல்லுங்கள். சிரித்துக்கொண்டே இருபது தடவை சொல்லும். அதில் எத்தனை ற, எத்தனை ழ என்று நீங்களே எண்ணிக்கொள்ளுங்கள். பாட்டில் மூச்சு விடும் இடத்தைத் தாளமே காட்டிக்கொடுத்துவிடுகிறது.

தெம்பனிஸ் அப்பா | ஞாயிறு, இரவு 9.40

நாக்குப் பழகும், ஒத்துக்கொள்கிறேன். மழைப் பாட்டால் மதிப்பெண் வரும் என்பதைப் பார்த்த பிறகு நம்புகிறேன்.

பொங்கோல் அம்மா | திங்கள், இரவு 10.05

எல்லாருக்கும் நன்றி. இவ்வளவு பேர் வருவீர்கள் என்று நினைக்கவில்லை. இரண்டு சந்தேகம்.

ஒன்று, கவிமணியின் "தோட்டத்தில் மேயுது வெள்ளைப்பசு" சொன்னேன். மகளுக்குப் பிடித்துவிட்டது. மகன் "நம்ம தோட்டத்துல பசு எங்க மேயும்?" என்கிறான். புளோக்குக்குப் பின்னால் உள்ள சமூகத் தோட்டத்தைத்தான் அவனுக்குத் தெரியும்.

இரண்டு, வீட்டில் "வருது, போகுது" என்று பேசுகிறோம். புத்தகத்தில் "வருகிறது, போகிறது." பாட்டில் எதைப் பழக்குவது? பள்ளியில் குழம்பிவிடுவானோ?

ஈசூன் தாத்தா | செவ்வாய், காலை 6.10

பசுவுக்குத் தேக்காவுக்குப் போங்கள் அம்மா. பொங்கல் சமயத்தில் லிட்டில் இந்தியாவில் மாடுகளைக் கொண்டுவந்து கட்டுவார்கள், பிள்ளைகள் தொட்டுப் பார்க்கலாம். அந்த வட்டாரமே ஒரு காலத்தில் மாட்டுக் கொட்டகையும் மாட்டு வியாபாரமுமாக இருந்த இடம்தான். பஃபலோ ரோடு என்று இன்னமும் பெயர்ப் பலகை நிற்கிறதே. காய்கறி வாங்கப் போகும்போது அதைக் காட்டி, "இங்கேதான் மேஞ்சுது" என்று சொல்லுங்கள். வாதாட மாட்டான்.

பழைய டீச்சர் | செவ்வாய், காலை 8.15

இரண்டாவதற்கு: கவிமணியே "மேயுது", "குதிக்குது" என்றுதான் பாடியிருக்கிறார். பாரதியின் மழையில் "வெட்டி யடிக்குது மின்னல்" என்று வருகிறது. பெரிய கவிஞர்களே பிள்ளைகளின் வாயில் இருக்கும் வடிவத்தைத் தயங்காமல் எடுத்துக்கொண்டார்கள். நாட்டுப்பாடல்கள் முழுக்கப் பேச்சுத்தமிழ். நம் பள்ளிகளிலும் பேச்சு வேறு, எழுத்து வேறு என்று இரண்டையும் பழக்குகிறார்கள். பாட்டு எப்படி இருக்கிறதோ அப்படியே சொல்லுங்கள். திருத்தினால் தாளம் போய்விடும்.

யாழ்மகள் | செவ்வாய், மதியம் 1.20

சமூகத் தோட்டம் என்றதும் ஓடி வந்தேன். நாங்கள் யாழ்ப்பாணப் பின்னணி, தாத்தா காலத்திலிருந்தே இங்கேதான். அப்பம்மா எங்களுக்குச் சொல்லித் தந்தது நவாலியூர் சோமசுந்தரப் புலவரின் பாட்டுகள். தமிழ்நாட்டுப் பக்கத்து நண்பர்கள் பலருக்கு இவரைத் தெரிவதில்லை. அது எனக்கொரு நெடுநாள் குறை.

"கத்தரித் தோட்டத்து மத்தியிலே நின்று காவல் புரிகின்ற சேவகா" என்று ஒரு பாட்டு. யார் அந்தச் சேவகன்? தோட்டத்து வெருளி. வைக்கோல் பொம்மையை ஒரு பெரிய காவல்காரனாக நினைத்துப் பேசிக்கொண்டே போவார். மகனைச் சமூகத் தோட்டத்துக்குக் கூட்டிப் போய், குருவி விரட்டத் தொங்கவிட்டிருக்கும் பழைய சிடித் தட்டுக்கு முன்னால் நிற்க வைத்துச் சொல்லுங்கள். எங்கள் சின்னவன் அந்தத் தட்டுக்குச் சல்யூட் அடிப்பான்.

இன்னொன்று ஆடி மாதத்துக்கு. "ஆடிப் பிறப்புக்கு நாளை விடுதலை, ஆனந்தம் ஆனந்தம் தோழர்களே! கூடிப் பனங்கட்டிக் கூழும் குடிக்கலாம், கொழுக்கட்டை தின்னலாம் தோழர்களே!" டீச்சர் சொன்ன ஓடி, கூடி மாதிரியே இங்கே ஆடி, கூடி. விடுதலை என்றால் எங்கள் பேச்சில் விடுமுறை. இங்கே அன்றைக்குப் பள்ளி விடுமுறை கிடையாது என்பதால் முதல் வரிக்கு எங்கள் வீட்டில் ஒவ்வொரு வருஷமும் சண்டை நடக்கும். கூழ் காய்ச்சிக் கொடுத்தால் அடங்கிவிடும்.

பிடோக் வாசகி | செவ்வாய், இரவு 9.15

எல்லாரும் ஊரிலிருந்து வந்த பாட்டுகளையே சொல்கிறீர்கள். இங்கேயே எழுதினவர்களை யாருமே சொல்லவில்லையே? க.து.மு. இக்பால், 2014இல் கலாசாரப் பதக்கம் பெற்ற நம் கவிஞர், சிங்கப்பூர் வானொலிக்காக மட்டும் இருநூறுக்கும் மேற்பட்ட சிறுவர் பாடல்கள் எழுதியவர். எழுபது, எண்பதுகளில் வளர்ந்தவர்கள் இங்கே இருந்தால் வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டுப் பாருங்கள், யாராவது ஒருவருக்கு ஒரு பாட்டாவது நினைவிருக்கும்.

இங்கே எழுதிய நூல்களைத் தேடி அலையவும் வேண்டாம். 1965 முதல் 2015 வரை வந்த சிங்கப்பூர்த் தமிழ் இலக்கிய நூல்களைத் தேசிய நூலகம் மின்வடிவில் தொகுத்து வைத்திருக்கிறது. வீட்டிலிருந்தே புரட்டலாம். நூலகத்துக்கு நேரில் போனால் சிறுவர் தமிழ் அடுக்கில் பாட்டுப் புத்தகம் என்று தனியாகத் தேட வேண்டியிருக்கும், கதைகளுக்கு நடுவில் ஒளிந்திருக்கும். ஒல்லியாக இருப்பதெல்லாம் பெரும்பாலும் பாட்டுதான். இரவல் எடுங்கள். எடுக்க ஆள் இருந்தால்தான் இன்னும் வாங்கிப் போடுவார்கள்.

2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், வீட்டில் அதிகம் பேசும் மொழி தமிழ் என்று சொன்னவர்கள் ஐந்து வயதுக்கு மேற்பட்ட குடியிருப்பாளர்களில் 2.5 விழுக்காடு. நம் பிள்ளைகள் தமிழ்ப் பாட்டைத் தெருவிலோ கடையிலோ தற்செயலாகக் கேட்டுப் பழக வழியில்லை. ஒலி 96.8 வானொலியில் வரும், ஆனால் அது சினிமாப் பாட்டு. குழந்தைப் பாட்டுக்கு வீட்டை விட்டால் வேறு இடமில்லை.

கிளமெண்டிக்காரன் | செவ்வாய், இரவு 9.52

சொல்வதோடு நிறுத்தாமல் பிள்ளைகளையே பாட்டுக் கட்ட விடலாம். "ஒரு குடம் தண்ணி ஊத்தி ஒரே பூ பூத்ததாம், ரெண்டு குடம் தண்ணி ஊத்தி ரெண்டே பூ பூத்ததாம்" எல்லாருக்கும் தெரியும். எண்ணை வைத்துக்கொண்டு மற்றதை மாற்றினால் போதும். போன வாரம் எம்ஆர்டியில் மகன் கட்டினது:

ஒரு ஸ்டேஷன் வந்துச்சாம், ஒரு பூனை ஏறிச்சாம்
ரெண்டு ஸ்டேஷன் வந்துச்சாம், ரெண்டு ஆன ஏறிச்சாம்
மூணு ஸ்டேஷன் வந்துச்சாம், கதவே மூடலயாம்

மூன்றாவது வரியில் எண்ணை விட்டுவிட்டானே என்று திருத்த வாயெடுத்தேன், மனைவி காலை மிதித்தாள்.

செங்காங் அப்பா | செவ்வாய், இரவு 10.10

மூன்றாவது வரிதான் கவிதை. அண்ணிக்கு நன்றி.

எங்கள் மாடியில் ஒரு மலாய்ப் பாட்டி பேரப்பிள்ளைகளுக்கு பந்துன் சொல்வார். நாலு வரி. முதல் இரண்டில் ஏதோ ஒரு காட்சி, மீன், ஆறு, பழம் மாதிரி. அடுத்த இரண்டில் சொல்ல வந்த விஷயம். ஒன்றும் மூன்றும் ஒலி ஒன்றும், இரண்டும் நாலும் ஒன்றும். இதைத் தமிழில் விளையாட்டாக வைக்கலாம். முதல் இரண்டு வரி அம்மா, அடுத்த இரண்டு பிள்ளை. ஒலி ஒன்றாவிட்டாலும் பரவாயில்லை, "மீனுக்கும் எனக்குப் பசிக்கிறதுக்கும் என்ன சம்பந்தம்" என்று யோசிக்கும்போதே பாதி வேலை முடிந்துவிடும்.

பொங்கோல் அம்மா | வெள்ளி, இரவு 10.40

இந்த வாரம் நடந்ததைச் சொல்கிறேன். புதன்கிழமை நல்ல இடி. தீம்தரிகிட போட்டோம். மகன் சமையலறையிலிருந்து பானை மூடியைக் கொண்டுவந்துவிட்டான். கீழ்வீட்டிலிருந்து புகார் வரவில்லை, இதுவரை. "பக்க மலைகள் உடைந்து" என்ற இடத்தில் சோபா மெத்தைகளைத் தள்ளிவிட வேண்டும் என்று அவனே விதி போட்டிருக்கிறான். பொருள் நான் சொல்லவில்லை. அவனுக்கு உடைகிறது என்று தெரிந்திருக்கிறது. ஷிஃப்ட் முடிந்து வந்த வீட்டுக்காரர், அவருக்கு என்றோ பள்ளியில் படித்த பாட்டு, வாசலில் நின்றே மிச்ச வரிகளைச் சொல்லி எங்களை அசத்திவிட்டார்.

மகள் கதைதான் வேறு. மழைப் பாட்டுக்குக் காதைப் பொத்திக்கொள்கிறாள். சாய்ந்தாடம்மாவுக்கு மட்டும் மடியில் வந்து உட்காருகிறாள். ஆனால் எனக்கு இரண்டு வரிக்கு மேல் தெரியாது. வலையில் தேடினால் ஒவ்வொரு இடத்தில் ஒவ்வொரு மாதிரி போட்டிருக்கிறார்கள். தாத்தா, உங்கள் வீட்டில் சொல்வது எப்படி?

யாழ்மகள் | வெள்ளி, இரவு 10.58

எங்கள் அப்பம்மா சொன்னதும் வேறு மாதிரிதான். எது சரி என்று தேட வேண்டாம், உங்கள் அம்மாவிடம் கேளுங்கள். அவர் சொல்வதுதான் உங்கள் வீட்டுப் பாட்டு.

ஈசூன் தாத்தா | சனி, காலை 6.00

சாய்ந்தாடம்மா சாய்ந்தாடு, சாயக்கிளியே சாய்ந்தாடு. அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் அந்தந்தப் பிள்ளையின் பெயரைச் சேர்த்துக்கொண்டே போவோம், முடிவே கிடையாது. எழுதிக் காட்டினால் மெட்டு தெரியாது. குரலில் பதிந்து இங்கே போடுகிறேன். எப்படிப் போடுவது என்று பேரன் மதியம் வந்ததும் கேட்க வேண்டும். அதுவரைக்கும் அந்த இரண்டு வரியையே ஆட்டிக்கொண்டிருங்கள்.